இரும்பு நிக்குது, ஆக்கள் எங்கே?



இந்த முறை கொஞ்சம் விசித்திரமான ஒரு விசயத்தை எடுத்திருக்கிறன்: கசினோ ஹொட்டேல்களில் ஆரவாரமாகத் திறந்து, பிறகு சத்தமில்லாமல் மூடின ரோலர் கோஸ்ரர்கள். உலகம் எரிஞ்சுகொண்டிருக்க இதுவா கதை எண்டு கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு நிறுவனம் ஒரு இடத்தைத் திறக்கிற அன்று பேசுவதெல்லாம் விளம்பரம். அது யாரைக் கணக்கில் எடுக்கிறது, யாரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பதை அறிய, அது மூடுகிற விதத்தைப் பார்க்க வேண்டும். மூடிக் கிடப்பது எல்லார் கண்ணுக்கும் தெரிகிற சாமான்களில் கோஸ்ரரைப் போல இன்னொன்று இல்லை. அதிலிருந்து தொடங்குவம்.

லொஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாசுக்கு 15ஆம் இலக்க நெடுஞ்சாலையில் போனால், கலிபோர்னியா எல்லையைத் தாண்டின உடனே பிரிம் என்ற சின்ன இடம் வரும். வேகாசுக்கு அங்கிருந்து இன்னும் ஏறத்தாழ 40 மைல். பாலைவனத்துக்கு நடுவில் மஞ்சள் நிறத்தில் பெரிய இரும்புத் தண்டவாளம் வளைந்து வளைந்து நிற்கும். அதுதான் டெஸ்பராடோ. பஃபலோ பில்ஸ் என்ற கசினோ ஹொட்டேலோடு சேர்த்து 1994இல் திறந்தது. உயரம் 64 மீற்றர், முதற் சரிவு 69 மீற்றர். சரிவு உயரத்தை விடக் கூட, ஏனென்றால் வண்டி நிலத்துக்குக் கீழே சுரங்கத்துக்குள்ளும் இறங்கும். வேகம் மணிக்கு 129 கிலோமீற்றர். திறந்த காலத்தில் உலகத்திலேயே உயரமான கோஸ்ரர்களில் ஒன்று.

2020 தொடக்கத்தில் அது நின்றது. கொரோனா வந்தது, ஹொட்டேலும் மூடப்பட்டது. 2022 கடைசியில் ஹொட்டேலைத் திறந்தார்கள், கோஸ்ரர் வழமையான ஓட்டத்துக்குத் திரும்பவே இல்லை. பக்கத்து விஸ்கி பீற்ஸ் 2024 டிசம்பரில் மூடியது. 2025 யூலையில் பஃபலோ பில்சும் நாள் முழுக்கத் திறந்திருப்பதை நிறுத்தி, நிகழ்ச்சிகளுக்கு மட்டும் திறக்கிற இடமானது. கோஸ்ரர் ரசிகர்கள் இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: "நிக்குது, ஓடேல்ல." உலகம் முழுக்க அந்த வகையில் எது எது இருக்கிறது என்று பட்டியல் போட்டுக் கவலைப்படுகிறார்கள். நான் அவர்களைப் பழிக்கவில்லை. ஒரு பொருளை நேசிக்கிறவன் அதன் முடிவையும் விசாரிப்பான். என்ர ஆதங்கம் என்னவெண்டால், பிரிமில் வாழ்கிற சனம் பெரும்பாலும் அந்தக் கசினோக்களில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் போட ஆளில்லை.

கோஸ்ரர் ஏன் கசினோவுக்கு வந்தது?

லாஸ் வேகாஸ் ஒரு காலத்தில் பெரியவர்களின் ஊர். 1989இல் மிராஜ் ஹொட்டேல் வாசலில் ஒரு செயற்கை எரிமலையோடு திறந்தது. ரோட்டில் நிற்கிற சனத்துக்கு இலவசக் காட்சி. பார்த்துவிட்டு உள்ளே வருவார்கள் என்பது கணக்கு. அது பலித்ததும் எல்லாரும் பின்னால் ஓடினார்கள். 1990இல் கோட்டை வடிவத்தில் எக்ஸ்கலிபர். 1993இல் பிரமிட் வடிவத்தில் லக்சர், கடற்கொள்ளையர் கப்பலோடு ட்ரெஷர் ஐலண்ட். அதே ஆண்டு சேர்க்கஸ் சேர்க்கஸ் கண்ணாடிக் கூரைக்குள் ஒரு பூங்காவைக் கட்டியது. எம்.ஜி.எம். கிராண்ட் 33 ஏக்கரில் சொந்தத் தீம் பார்க்கே திறந்தது. 1996இல் ஸ்ராற்றோஸ்பியர் கோபுரத்தின் உச்சியில் ஹை ரோலர், 1997இல் நியூயோர்க்-நியூயோர்க் ஹொட்டேலைச் சுற்றி ஒரு கோஸ்ரர், 2000இல் சஹாராவில் ஸ்பீட்.

"குடும்பத்தோடு வாருங்கள்" என்றார்கள். பிள்ளைகள் மேலே கத்திக்கொண்டு போக, தாய் தகப்பன் கீழே இயந்திரத்துக்கு முன்னால் இருப்பார்கள். ஆனால் இந்தத் திட்டத்துக்குள்ளேயே அதன் சாவும் எழுதியிருந்தது. விளங்கப்படுத்துறன்.

கோஸ்ரரின் வருமானத்துக்கு ஒரு மேல் எல்லை உண்டு. ஒரு மணித்தியாலத்தில் இத்தனை வண்டி, ஒரு வண்டியில் இத்தனை இருக்கை, ஒரு இருக்கைக்கு இத்தனை டொலர். எவ்வளவு சனம் வரிசையில் நின்றாலும் அதுக்கு மேலே போகாது. மழை, காற்று எண்டால் அதுவும் இல்லை. சூதாட்ட இயந்திரத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. அது உட்கார்ந்திருக்கிறவரின் பொக்கற் காலியாகும் வரைக்கும், பிறகு கடன் அட்டை காலியாகும் வரைக்கும் எடுக்கும். கோஸ்ரர் தான் சொன்ன விலையை வாங்கி, சொன்ன சாமானைத் தந்து, இரண்டு நிமிசத்தில் உங்களை இறக்கிவிடும். ஒரு கசினோவுக்குள் இருக்கிறவற்றில் கிட்டத்தட்ட நேர்மையான வியாபாரம் அது ஒன்றுதான் என்று நான் நினைக்கிறதுண்டு. அதனாலேயே அது தப்ப முடியாது. சதுர அடிக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிற நாளில் முதலில் விழுவது அதுதான்.

மூன்று முடிவுகள்

மூடின கோஸ்ரருக்கு மூன்று கதி உண்டு. வெட்டிப் பழைய இரும்புக்குக் கொடுப்பது ஒன்று. கழற்றி இன்னொரு பூங்காவுக்கு விற்பது இரண்டு. அப்படியே விட்டுவிடுவது மூன்று.

ஹை ரோலருக்கு முதலாவது. நிலத்திலிருந்து 277 மீற்றர் உயரத்தில் கோபுரத்தைச் சுற்றி ஓடின சாமான். உயரத்தைத் தவிர அதில் பெரிய விறுவிறுப்பு இல்லை, மெதுவாகத்தான் போகும். 2005 டிசம்பர் கடைசியில் நிறுத்தி, துண்டு துண்டாகக் கழற்றி இறக்கினார்கள். அதே கோபுரத்தில் இடம் குறைவாகப் பிடிக்கிற, பராமரிப்புச் சுலபமான மற்றச் சவாரிகள் தப்பிவிட்டன.

எம்.ஜி.எம்.மின் 33 ஏக்கர் பூங்கா படிப்படியாகச் சுருங்கி 2000இல் வழமையான இயக்கத்தை நிறுத்தியது. பிறகு அந்த நிலத்தில் சிக்னேச்சர் என்ற பெயரில் ஹொட்டேல்-கொண்டோக் கோபுரங்கள் எழும்பின. பிள்ளைகள் விளையாடின இடம் சதுர அடியாக விற்றுப் போனது. 33 ஏக்கர் பூங்கா நட்டத்தில் ஓடியது என்பதை விட, அந்த நிலத்துக்கு வேறு விலை வந்துவிட்டது என்பதுதான் சரி.

சஹாராவின் ஸ்பீட், மின்காந்த விசையால் வண்டியைத் தள்ளி, ஹொட்டேலின் பெயர்ப்பலகைக்கு ஊடாகப் போய், 68 மீற்றர் கோபுரத்தில் ஏறி, பிறகு அதே பாதையில் பின்னோக்கி வரும். 2011 மே 1ஆம் திகதி அதை நிறுத்தினார்கள். மே 16ஆம் திகதி 1952இலிருந்து இயங்கின சஹாராவையே மூடினார்கள். அடுத்த மாதம் ஹொட்டேலின் கட்டில், விளக்கு, தட்டு முட்டு எல்லாத்துக்கும் விலை ஒட்டிச் சனத்துக்கு விற்றார்கள். கோஸ்ரரையும் பிறகு கழற்றிவிட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை இழந்தார்கள். 2014இல் அதே கட்டடம் எஸ்.எல்.எஸ். என்ற புதுப் பெயரில் திறந்தது. 2019இல் மறுபடி சஹாரா என்றே பெயர் வைத்தார்கள். பெயர் திரும்பி வந்தது. 2011இல் அங்கே வேலை செய்தவர்களுக்கு இடையில் எட்டு வருசம் போய்விட்டது.

டெஸ்பராடோவுக்கு மூன்றாவது கதி. ஏன் அப்படியே விட்டுவிடுகிறார்கள் என்றால், அதுதான் ஆகக் குறைந்த செலவு. ஒரு இரும்புக் கோஸ்ரர் ஓடவேண்டும் எண்டால் ஒவ்வொரு நாளும் காலமை ஆக்கள் தண்டவாளத்தை நடந்து பார்க்க வேண்டும். சில்லுகள் தேயும், மாற்ற வேண்டும். இரும்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கா எண்டு கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். காப்புறுதி, அனுமதிப்பத்திரம், பயிற்சி பெற்ற ஆக்கள். டெஸ்பராடோவைச் செய்த ஏரோ டைனமிக்ஸ் கொம்பனி 2001 கடைசியில் வங்குரோத்தாகி, இன்னொரு கொம்பனி அதை வாங்கிவிட்டது. பழைய சாமானுக்கு உதிரிப்பாகம் தேடுவதே ஒரு தலையிடி. இனி, கழற்ற வேண்டும் எண்டால் கிரேன், ஆக்கள், காசு. கட்டடத்துக்குள்ளால் ஓடுகிற கோஸ்ரர் என்றபடியால் அது இன்னும் சிக்கல். ஒன்றும் செய்யாமல் விட்டால் வெயிலும் காற்றும்தான் செலவு, அதைக் கொம்பனி கட்டத் தேவையில்லை.

இடையில் அந்தச் சொத்து கைமாறின விதத்தையும் பாருங்கோ. கட்டின பிரிமடோனா கொம்பனியை 1999இல் எம்.ஜி.எம். வாங்கியது. 2007இல் ஹேர்ப்ஸ்ற் என்ற கொம்பனி 400 மில்லியன் டொலர் கொடுத்து வாங்கியது. அதுக்குள் கலிபோர்னியாவில் 2000ஆம் ஆண்டு வாக்கெடுப்போடு பழங்குடிகளின் கசினோக்களுக்கு வழி திறந்து, எல்லைக் கசினோவுக்கு வரக் காரணமே குறைந்துவிட்டது. பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து 2009இல் ஹேர்ப்ஸ்ற் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. கடன் கொடுத்தவர்கள் உரிமையாளர்களாகி, பெயர் அஃபினிற்றி என்றானது. 2017இல் இசெட் கப்பிற்றல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது. இருபது வருசத்துக்குள் நாலு எசமான். ஒவ்வொருவரும் வாங்கினது ஒரு கோஸ்ரரையோ ஒரு ஊரையோ அல்ல. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை. அந்த வரிக்குக் கீழே வாழ்கிற சனத்திடம் யாரும் விலைப்பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கவில்லை.

மலையில் நடந்தது

இது அமெரிக்காக் கதை மட்டும் எண்டு விட்டுவிடாதேங்கோ. எங்கட மலேசியத் தோழர்களுக்குக் கெந்திங் மலை தெரியும். பள்ளிச் சுற்றுலா, குடும்பச் சுற்றுலா எண்டால் கெந்திங்தான். லிம் கோ தொங் 1965இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார். 1969இல் மலேசியாவின் ஒரே கசினோ அனுமதி கிடைத்தது, 1971இல் முதல் ஹொட்டேல் திறந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்தில், குளிரும் முகிலும் கலந்த இடத்தில் ஒரு திறந்தவெளிப் பூங்கா இருந்தது. அதில் கோஸ்ரர்களும் இருந்தன.

2013 செப்ரெம்பர் 1ஆம் திகதி அதை மூடினார்கள். அங்கே உலகத்தின் முதலாவது ட்வென்ரியத் சென்சுரி ஃபொக்ஸ் தீம் பார்க் வரும், 2016இல் திறக்கும் என்றார்கள். 2016 போனது, 2017 போனது. இதுக்குள் ஃபொக்சை வாங்க டிஸ்னி வந்தது. 2018 நவம்பரில் ஃபொக்ஸ் ஒப்பந்தத்தை முறித்தது. கெந்திங் காலக்கெடுவைத் தவறவிட்டது என்றது ஃபொக்ஸ். கசினோவோடு பெயர் சேர்வதை டிஸ்னி விரும்பவில்லை, அதுதான் உண்மையான காரணம் என்று சொல்லி நூறு கோடி டொலருக்கு மேல் கேட்டுக் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டது கெந்திங். 2019 யூலையில் இரண்டு பக்கமும் சமரசமானது. ஃபொக்ஸ் பெயர் இல்லாமல், ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரில் 2022 பெப்ரவரியில் பூங்கா திறந்தது. இடையில் எட்டு வருசத்துக்கு மேல்.

இந்தச் சண்டையில் யார் யார் வாயிலிருந்து சத்தம் வந்தது எண்டு பாருங்கோ. ஒரு கசினோ முதலாளி, ஒரு ஸ்ரூடியோ முதலாளி, அவர்களின் சட்டத்தரணிகள். பழைய பூங்காவில் வண்டிக் கம்பியைப் பூட்டிவிட்டு, "சரி, போங்கோ" எண்டு கைகாட்டின பொடியன்களும் பெட்டைகளும் அந்த வழக்கில் எங்கேயும் இல்லை.

மலேசியத் தமிழருக்கு "மூடுறம்" என்ற சொல்லின் அர்த்தம் சொல்லித்தரத் தேவையில்லை. தோட்டத் துண்டாடலில் தொடங்கி, பிறகு தோட்டங்களை வீடமைப்புக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் விற்ற காலம் வரைக்கும், அதே கதைதான். ரப்பர் மரத்துக்கு விலை இருந்த மட்டும் தொழிலாளிக்கு லயன் இருந்தது. நிலத்துக்கு விலை வந்த அன்று லயனும் போனது. 2011இல் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தோட்டத்துக் குடும்பங்கள் வீடு கேட்டு, இடிக்க வந்தவர்களுக்கு முன்னால் நின்றார்கள். மலேசிய சோசலிசக் கட்சித் தோழர்கள் அவர்களோடு நின்றார்கள். கோஸ்ரர் நிற்கிற இடத்துக்கும் ரப்பர் நின்ற இடத்துக்கும் சூத்திரம் ஒன்றுதான்: மேலே இருக்கிறதை விடக் கீழே இருக்கிற நிலம் விலை கூடினால், மேலே இருக்கிற எல்லாமும் எல்லாரும் தடங்கல்.

மூடுகிற நிபந்தனையை எழுதுகிறது யார்?

என்ர மாமி ஒராள் ரொறொன்ரோவில் ஒரு ஹொட்டேலில் பதினாறு வருசம் அறை துப்புரவாக்கினவ. ஒரு வருசம் திடீரென்று வேலைநேரம் குறைந்தது. பிறகு இன்னும் குறைந்தது. கடைசியில்தான் கடிதம் வந்தது: கட்டடத்தைக் கொண்டோவாக்கப் போகினமாம். மாமி மனேச்சரிட்டக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அப்ப என்ர பதினாறு வருசம்?" அந்த ஆள் நல்ல மனிசன்தான், தலையைக் குனிந்துகொண்டாராம். அவரிட்ட மறுமொழி இல்லை, ஏனென்றால் அந்தக் கேள்விக்கு மறுமொழி எழுதி வைக்கப்பட்ட தாள் ஒன்றும் அங்கே இல்லை. சங்கம் இல்லாத இடம்.

தாள் இருந்தால் என்ன நடக்கும் என்பதுக்கும் வேகாசிலேயே உதாரணம் இருக்கிறது. அங்கே குலினரி தொழிலாளர் சங்கம், 226ஆம் கிளை. அறை துப்புரவாக்குகிறவர்கள், சமையல்காரர், பரிமாறுகிறவர்கள், பெரும்பகுதி பெண்கள், பெரும்பகுதி குடியேறிகள். 1991 செப்ரெம்பரில் ஃபுரொன்ரியர் கசினோவில் சுமார் 550 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆறு வருசத்துக்கு மேல், 1998 தொடக்கம் வரைக்கும், இரவு பகலாக மறியல். ஒருத்தர்கூட மறியலைத் தாண்டி வேலைக்குப் போகவில்லை. கடைசியில் முதலாளி குடும்பம் கசினோவை விற்றுவிட்டுப் போனது, புது முதலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார். தொழிலாளர் வென்று உள்ளே போனார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நல்லா இருக்கும். 2007இல் அதே ஃபுரொன்ரியர் நிலத்துக்கு 120 கோடி டொலருக்கு மேல் விலை வந்தது. மூடி, அந்த நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிறகு நெருக்கடி வந்தது, கட்டப்போன ஹொட்டேல் வரவே இல்லை, ஸ்ட்ரிப்பின் நடுவில் வெறும் நிலம் வருசக்கணக்காகக் கிடந்தது. நல்ல சம்பளத்துக்கான ஒப்பந்தம் நிலத்தின் விலைக்கு முன்னால் காணாது எண்டு அது படிப்பித்தது. மூடுகிறதைப் பற்றியும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

2024இல் அதன் பலனைப் பார்த்தோம். மிராஜ் யூலை 17ஆம் திகதி மூடியது. அந்த எரிமலை, எல்லாவற்றையும் தொடங்கி வைத்த அதே எரிமலை, இடிபட்டது. அங்கே கித்தார் வடிவத்தில் புது ஹொட்டேல் கட்டுகிறார்கள். ஆனால் சங்கத் தொழிலாளருக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது: வேலை செய்த ஒவ்வொரு வருசத்துக்கும் 2,000 டொலரும் ஆறு மாத ஓய்வூதிய, மருத்துவக் காப்புறுதியும் எடுத்துக்கொண்டு போகலாம். அல்லது குறைந்த தொகையை எடுத்து, புது ஹொட்டேல் திறக்கிற போது தன் மூப்போடு திரும்பி வருகிற உரிமையை வைத்திருக்கலாம். மாமி கேட்ட கேள்விக்கு அங்கே மறுமொழி இருந்தது. வருசத்துக்கு இத்தனை டொலர், அல்லது உன்ர இடம் உனக்கு.

அதுக்கு முன்னம் 2021இல் நெவாடா மாநிலமே ஒரு சட்டம் கொண்டுவந்தது. கொரோனாவில் நிறுத்தப்பட்ட ஹொட்டேல், கசினோத் தொழிலாளரைத்தான் நிறுவனங்கள் முதலில் திரும்பக் கூப்பிட வேண்டும் என்ற சட்டம். சங்கம் தெருவில் இறங்கி வாங்கினது. 2025இல் ஸ்ட்ரிப்பில் இருக்கிற பெரிய கசினோக்கள் எல்லாமே சங்கத்துக்குள் வந்துவிட்டன. 1999இல் திறந்த நாளிலிருந்து எதிர்த்து நின்ற வெனிஷியனும் 2024இல் ஒப்பந்தம் செய்தது.

"சங்கம் கேட்டால் மூடிப்போட்டுப் போவான்"

இதை எங்கட வீடுகளிலேயே கேட்டிருப்பீர்கள். இதுக்கு ஆதாரமாகக் காட்டக்கூடிய சம்பவமும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. அற்லான்ரிக் சிற்றியில் ட்ரம்ப் தாஜ்மஹால் கசினோ. 2014இல் வங்குரோத்து நீதிமன்றம் வழியாகத் தொழிலாளரின் மருத்துவக் காப்புறுதியும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன. 2016 யூலை 1ஆம் திகதி வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒக்ரோபர் 10ஆம் திகதி உரிமையாளர் கார்ல் ஐக்கான் கசினோவை மூடினார். ஏறத்தாழ 3,000 பேர் வேலை இழந்தார்கள்.

சரி. ஆனால் 2014ஐப் பாருங்கோ. அந்த ஒரே வருசத்தில் அதே நகரத்தில் நாலு கசினோ மூடின: அற்லான்ரிக் கிளப், ஷோபோட், ரெவெல், ட்ரம்ப் பிளாசா. ஏறத்தாழ 8,000 வேலை போனது. அங்கே வேலைநிறுத்தம் ஒன்றும் நடக்கவில்லை. பணிந்து வேலை செய்தவர்களையும் மூடித்தான் அனுப்பினார்கள். மூடுகிறது என்ற முடிவு தொழிலாளி வாய் திறந்ததால் வாறதில்லை. வாய் திறக்கிறதால் மாறக்கூடியது, மூடுகிற அன்று கையில் என்னத்தோடு வெளியே வருகிறோம் என்பதுதான்.

இன்னொரு எதிர்ப்பு எங்கட பக்கத்திலிருந்தே வரும். "கசினோ எண்டால் சனத்தின்ர காசை உறிஞ்சுற இடம். அது மூடினால் இடதுசாரிகள் ஏன் அழவேணும்?" நான் அழவில்லை. எங்கட சமூகத்தில் கசினோ பஸ்ஸில் ஏறிப்போய் வீட்டு அடமானத்தைத் தொலைத்தவர்களை எங்களுக்குத் தெரியும். அதை ஒழிக்க ஒரு மக்கள் இயக்கம் வந்தால் முதல் ஆளாக நிற்பன். ஆனால் பிரிமும் அற்லான்ரிக் சிற்றியும் மக்கள் ஒழித்த இடங்கள் இல்லை. மூலதனம் தனக்கு இனித் தேவையில்லை என்று எறிந்த இடங்கள். அது எங்கட வெற்றிக் கணக்கில் வராது. அங்கே கட்டில் விரித்தவளும் கோஸ்ரர்க் கம்பியைச் சரிபார்த்தவனும் எங்கட ஆக்கள். முதலாளி எந்த வியாபாரத்தில் இருக்கிறான் என்பதை வைத்துத் தொழிலாளிக்கு மதிப்புப் போட்டால், சிகரெற் தொழிற்சாலையிலும் ஆயுதத் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறவர்களோடு கதைக்கவே முடியாமல் போகும்.

நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

முதலில், உங்கட நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது எண்டு தெரிஞ்சிருங்கோ. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 பேரோ அதுக்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் பெருந்தொகை ஆக்களை நிறுத்த 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். ஒன்ராறியோவில் 50 பேரோ அதுக்கு மேலோ எண்டால் 8 வாரம், 200 எண்டால் 12, 500 எண்டால் 16. பிரித்தானியாவில் 100 பேரோ அதுக்கு மேலோ எண்டால் 45 நாள் கலந்தாலோசனை. இவை எல்லாம் அறிவித்தலுக்கான சட்டங்கள். "எப்ப போகவேணும்" எண்டு சொல்லுமே தவிர, "எப்ப திரும்பி வரலாம்" எண்டு ஒன்றும் சொல்லாது. அதே இடத்தில், வேறு பெயரில் திறந்தால் பழைய தொழிலாளருக்கு முதல் உரிமை என்பது சட்டமாக வரவேண்டும். நெவாடாவில் ஒரு நெருக்கடிக்கு முடிந்தது நிரந்தரமாக ஏன் முடியாது?

இரண்டாவது, மூடுகிற செலவைத் திறக்கிற அன்றே வாங்க வேண்டும். நெவாடாவில் சுரங்கம் தோண்டப் போகிற கொம்பனி, தோண்டி முடித்து நிலத்தைச் சீராக்குகிறதுக்குப் பிணைப்பணம் கட்டிய பிறகுதான் தொடங்கலாம். கிடங்குக்கு இருக்கிற அந்த மரியாதை ஒரு ஊருக்கு ஏன் இல்லை? 64 மீற்றர் இரும்பை நடுகிறவன் அதைக் கழற்றுகிற காசையும், அதை நம்பிக் குடியேறுகிற ஆக்களின் சில மாதச் சம்பளத்தையும் காப்புறுதியையும் முன்கூட்டியே ஒரு பொது நிதியில் வைக்கட்டும். கைமாறினால் நிதியும் சேர்ந்து மாறட்டும். நாலாவது எசமான் "எனக்குத் தெரியாது" எண்டு சொல்ல முடியாது.

மூன்றாவது எங்களுக்கே. கொழும்பில் 2025 ஓகஸ்ற்றில் சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ் கசினோ ஹொட்டேல் திறந்தது. ஜோன் கீல்சும் மக்காவோக் கசினோக்களை நடத்துகிற மெல்கோவும் சேர்ந்த திட்டம், நூறு கோடி டொலருக்கு மேல் போட்டது. கடனில் மூழ்கின நாட்டுக்கு இதுதான் மீட்சி எண்டு வரவேற்றார்கள். அது தேவையா, தேவையில்லையா எண்ட விவாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனால் அங்கே இப்ப வேலைக்குச் சேருகிற பொடியள், மலையகத்திலிருந்தும் வடக்கு கிழக்கிலிருந்தும் கொழும்புக்கு வேலை தேடி வாறவர்கள் உட்பட, மூடுகிற அன்று என்னத்தோடு வெளியே வருவார்கள் எண்டு இப்பவே கேட்க வேண்டும். திறப்பு விழா வாணவேடிக்கை நடக்கிற நேரத்தில்தான் அந்தக் கேள்விக்கு விலை இருக்கும். கதவு பூட்டின பிறகு கேட்டால் மனேச்சர் தலையைக் குனிவார், அவ்வளவுதான்.

பாரிஸ் உணவகங்களில், ரொறொன்ரோ ஹொட்டேல்களில், லண்டன் விமான நிலையங்களில், சூரிச் வைத்தியசாலைச் சமையலறைகளில் எங்கட அம்மா அப்பாமார் வேலை செய்கினம். அடுத்த கூட்டத்துக்கு வரமுதல் வீட்டில் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு வாருங்கோ: உங்கட வேலையிடம் நாளைக்கு மூடினால் கையில் என்ன வரும், எந்தத் தாளில் அது எழுதியிருக்கு? தாள் இருந்தால் அதன் படத்தை எங்களுக்கு அனுப்புங்கோ, நாங்கள் சேர்ந்து வாசிப்பம். இல்லாவிட்டால் அந்த இடத்தின் விவரத்தை எழுதி அனுப்புங்கோ. எங்கட வேலை அங்கேயிருந்துதான் தொடங்குது.

தோழமையுடன்.